கோணல் தகடுகளும் மூணு மணி வெயிலும்

அந்த வீட்டில் சன்னலே கிடையாது. கட்டின மனுஷர் உயிரோடு இருந்திருந்தால் முகத்துக்கு நேராகவே கேட்டிருப்பேன். பூட்டுப் பட்டறைகள் வரிசையாக இருந்த தெரு அது. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். முன்னால் ஒரு வாசல், பின்னால் ஒரு வாசல், நடுவில் நீளத்துக்கு இருட்டு. சாணார்பட்டிப் பக்கம் கத்தரியும் செண்டுமல்லியும் போட்ட தோட்டத்தில் வெயிலிலேயே வளர்ந்தவள் நான். ஐம்பதுகள் முடிகிற சமயத்தில் எனக்குக் கல்யாணம் செய்து, திண்டுக்கல்லில் அந்த இருட்டுக்குள் கொண்டுவந்து விட்டார்கள். முதல் வாரத்தில் மூன்று தடவை உரலில் இடித்துக்கொண்டேன். மூன்று தடவையும் உரலைத்தான் திட்டினேன்.

வீட்டில் மூன்றே பேர். என் வீட்டுக்காரர் எதிர்ச்சாரியில் இருந்த பட்டறையில் சாவிக்கு அரம் போடுகிறவர். பேச்சு குறைவு, குசும்பு அதிகம். மாமியாருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, நான் போவதற்கு முன்பே ஆள் முகம் தெரியாமல் போயிருந்தது. ஆனால் அதை யாரும் வாய்விட்டுச் சொல்லிவிட முடியாது. புளி தட்டுவார், மொச்சை உரிப்பார், கொடியில் காய்ந்த சேலையை மடித்து வைப்பார். எல்லாம் கையால் தடவியே நடக்கும். "எனக்கென்ன, கண்ணு நல்லாத்தேன் இருக்கு. வீடுதேன் இருட்டு" என்பார். வீட்டைப் பற்றி அவர் சொன்னதில் எனக்கு முழுச் சம்மதம்.

அந்த இருட்டில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. கூடத்து ஓட்டுக் கூரையில், மேற்குச் சரிவில், ஒரு கண்ணாடி ஓடு பதித்திருந்தார்கள். காலையில் அதனால் பெரிய பிரயோசனம் இல்லை. மத்தியானம் சாய்ந்து, பக்கத்துப் பஞ்சு மில்லின் மூணு மணிச் சங்கு ஊதுகிற நேரத்துக்கு, அதன் வழியாக ஒரு முழ அகலத்துக்கு வெயில் இறங்கி எதிர்ச் சுவரில் விழும். ஒரு மணி நேரம் போல இருக்கும், சுவரில் மெல்ல மேலே ஏறும், அப்புறம் போய்விடும். அந்த ஒரு மணி நேரத்துக்காக அடுக்களை வேலையை எல்லாம் முன்னாலேயே முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் எலி வளையை அடைக்க என்று வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து கைநிறையத் தகடு கொண்டுவந்தார். பூட்டின் முகத்தில் வைக்கிற தகடு. பெரும்பாலும் இரும்பு, இரண்டொன்று பித்தளை. சாவித் துவாரம் நடுவில் விழாமல் ஓரமாகவோ சாய்வாகவோ விழுந்துவிட்டால் அதைப் பூட்டில் வைக்க மாட்டார்கள், மூலையில் போட்டுவிடுவார்கள். அதில் ஒன்றை எடுத்துத் துடைத்து, சும்மா, வெயிலில் பிடித்தேன். சுவரில் ஒரு சாவித் துவாரம் வெளிச்சமாக நின்றது. தகட்டில்தான் அது கோணல். சுவரில் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. தகட்டைச் சுவரைவிட்டுத் தள்ளிக் கொண்டுவந்தால் துவாரம் கரைந்து வட்டமாகிவிட்டது. கிட்டே கொண்டுபோனால் மறுபடியும் துவாரம். கிட்டே, தள்ளி, கிட்டே, தள்ளி என்று நின்றதில் எலி வளை அடைபடவில்லை, சோறும் குழைந்துபோனது.

அடுத்த நாள் பரணில் துணி கிழிந்து போன ஒரு குடை கிடைத்தது. துணியை உரித்துவிட்டுக் கம்பியை மட்டும் விரித்து, கண்ணாடி ஓட்டுக்குக் கீழே கயிறு போட்டுத் தொங்கவிட்டேன். காற்றில் சுற்றாமல் இருக்க இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினேன். ஒவ்வொரு கம்பியிலும் நூல் கட்டித் தகடுகளை ஏற்ற இறக்கமாகத் தொங்கவிட்டேன். சங்கு ஊதியது. வெயில் வந்தது. சுவர் பூராவும் சாவித் துவாரமும் காசு காசாக வட்டமும் கலந்து விழுந்தன. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இத்தனைக்கும் ஒரு பூட்டுக்குக்கூட ஆகாத தகடுகள் அவை.

அதற்கப்புறம் என்னைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லை. உடைந்த சோடா பாட்டிலின் அடிப்பாகம் பச்சை தந்தது. மைப்புட்டி நீலம் தந்தது. அரிக்கேன் விளக்குச் சிம்னியின் உடைந்த துண்டு, கண்மாய்த் தண்ணீரில் வெயில் பட்டால் எப்படி ஆடுமோ அப்படிச் சுவரை ஆட வைத்தது. சிவப்புக்குத்தான் திண்டாடினேன். எதிர்வீட்டு அக்கா, தன் வீட்டுக்காரர் சைக்கிளின் பின்விளக்குக் கண்ணாடி கழன்று விழுந்ததும் ஓடிவந்து கொடுத்தது. விழுந்ததா, கழற்றினதா என்று நான் கேட்கவில்லை.

வேலை போகப் போக ஒன்று பிடிபட்டது. தொங்குகிற சாமானைப் பார்த்துக் கட்டினால் ஒன்றும் உருப்படாது. சுவரைப் பார்த்துத்தான் கட்ட வேண்டும். அண்ணாந்து பார்த்தால் குப்பைமேடு தலைகீழாகத் தொங்குகிற மாதிரி இருக்கும். அதன் அழகெல்லாம் எதிரே இருந்தது. சூரியன் வேறு மாதத்துக்கு மாதம் இடம் மாறும். அதற்குத் தகுந்தபடி குடையை ஒரு சாண் இரண்டு சாண் நகர்த்திக் கட்டுவேன். பச்சை விறகை அடுப்பில் வைத்து வேண்டுமென்றே புகை மூட்டினால், ஓட்டிலிருந்து சுவர் வரைக்கும் ஒவ்வொரு வெளிச்சமும் கம்பி கம்பியாக நடுக்கூடத்தில் நிற்கும். மாமியார் இருமுவார். "செத்த பொறுங்கத்தே, இந்தா முடிஞ்சிருச்சு" என்று இன்னொரு விறகைத் தள்ளுவேன்.

தெருவுக்கு விஷயம் பரவிவிட்டது. மூணு மணிக்குக் கைவேலையைப் போட்டுவிட்டுப் பெண்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. உடைந்த வளையல், பவுடர் டப்பா மூடி, மருந்துப் புட்டி என்று ஏதாவது இருக்கும். தன் வளையல் துண்டு சுவரில் எங்கே மின்னுகிறது என்று கண்டுபிடிக்கிற வரை ஒருத்தியும் எழுந்து போக மாட்டாள். வீட்டுக்காரர் ஒருநாள், "பட்டறையில பாதிப் பேரு இப்ப வேணும்னே கோணலா அடிக்கிறான், உனக்குத் தகடு பத்தாதாம்ல" என்றார். மனுஷருக்குப் பெருமை. அதை நேராகச் சொல்லிவிட்டால் தலையிலிருந்து கிரீடம் விழுந்துவிடுமாம்.

இந்தக் கூட்டத்துக்கு நடுநாயகம் என் மாமியார். சுவருக்கு நாலடி தள்ளிக் காலை நீட்டி உட்கார்ந்து, "இந்தா செவப்பு வந்துருச்சு, தூணுக்கு அங்கிட்டு. இப்ப துவாரமெல்லாம் வருது. செத்த நேரத்துல பச்சை வரும் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். சொன்னபடியே வரும். பெண்கள் கைதட்டுவார்கள். எனக்கானால் கால் தரையில் பாவவில்லை. ஆள் முகம் தெரியாத கண்ணுக்குக்கூட நான் கட்டினது தெரிகிறதே என்று எத்தனை சந்தோஷம்!

அப்போதுதான் எதிர்வீட்டு அக்கா ஒரு செய்தி கொண்டுவந்தது. ஆடி மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போடுகிறார்களாம். வெளியூர் டாக்டர்கள் வந்து புரையை எடுத்துவிடுகிறார்களாம். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு பெரியவர் போன வருஷம் போய்வந்து இப்போது தனியாக பஸ் ஏறுகிறாராம். நான் மாமியாரிடம் சொன்னேன். அவர் கை நீட்டிச் சுவரைக் காட்டினார்.

"செவப்பு எங்க இருக்கு, பச்சை எங்க இருக்குன்னு சொல்லவா? இம்புட்டும் தெரியிற கண்ணை எதுக்குடி அறுக்கணும்?"

 ஊரே கைதட்டின கண்ணாயிற்றே. வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "நல்லாக் கட்டுன போ, தோரணம்" என்று முணுமுணுத்துவிட்டுப் பட்டறைக்குப் போனார். நான் ஆசையாகச் செய்த காரியமே குறுக்கே வந்து நிற்கிறதே என்று எனக்குக் கோபமான கோபம். அதைக் குடையிடம் காட்டவா, மாமியாரிடம் காட்டவா?

ஆடி பிறந்தது. மேல்காற்று அடித்து, மேகம் வந்து ஊரை மூடிக்கொண்டது. அன்றைக்கு வீட்டில் நானும் மாமியாரும்தான். நான் முறத்தில் துவரம்பருப்பு புடைத்துக்கொண்டிருந்தேன். மூணு மணிச் சங்கு ஊதியது. கண்ணாடி ஓட்டில் சாம்பல் நிறம்தான் தெரிந்தது. சுவரில் ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை.

"இந்தா, செவப்பு வந்துருச்சு" என்றார் மாமியார். "நேத்தைவிட இன்னைக்கு நல்லாத் தெரியுது."

முறம் கையில் அப்படியே நின்றுவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் பச்சையையும் சொன்னார். சங்குச் சத்தத்தை வைத்துக்கொண்டு, எதற்கப்புறம் எது வரும் என்று மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறார். நான் நினைத்ததைப் பட்டென்று சொல்லிவிடுகிறவள். அன்றைக்கு மட்டும், "ஆமாத்தே, நல்லா இருக்கு" என்றேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் குசும்பெல்லாம் போய்விட்டது. "அப்ப ஆத்தாவுக்கு ஒண்ணுமே தெரியலையா?" என்றார். பயம் எனக்கும் அதுதான். முகாமில் முதலில் டார்ச் அடித்துப் பார்ப்பார்களாம். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லத் தெரியாத கண்ணைத் தொட மாட்டார்களாம், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். எதிர்வீட்டு அக்கா அதையும் சொல்லியிருந்தது. மாமியாரின் கண்ணுக்குள் வெளிச்சம் மிச்சம் இருக்கிறதா, இல்லை இத்தனை மாதமும் வெறும் ஒப்பிப்புதானா? அதை நானே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

மூன்றாம் நாள் மேகம் கலைந்தது. சங்கு ஊதுவதற்குக் கால் மணி முன்பே வெயிலின் நுனி ஓட்டில் எட்டிப் பார்க்கும். அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. பித்தளைத் தகடு ஒன்றைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தேன். முக்காலி மேல் ஏறி, வழக்கமாகக் கடைசியில் வருகிற பச்சைக் கண்ணாடியை அவிழ்த்து அந்த நுனி வெயிலில் பிடித்து, பித்தளையால் மடக்கி, சுவருக்கு அனுப்பாமல் நேரே அவர் முகத்துக்கு அனுப்பினேன். குறி பிசகினதில் பச்சை முதலில் அவர் தாடையில் விழுந்து, மூக்கில் ஏறி, இடது கண்ணில் போய் நின்றது.

மாமியார் மொச்சை உரிக்கிற கையை நிறுத்தினார். முகத்தை அங்குமிங்கும் திருப்பினார்.

"ஏத்தா, இன்னும் சங்கே ஊதலையே. அதுக்குள்ள பச்சை எப்படி வந்துச்சு?"

முக்காலியோடு சேர்ந்து நானும் கீழே வந்துவிட்டேன். முழங்கால் சிராய்த்தது. அதைப் பற்றி யாருக்கு என்ன? "தெரியுது! அத்தைக்குத் தெரியுது!" என்று நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு அக்கா மாவுக்கையோடு ஓடிவந்தது. கூச்சல் அடங்கின பிறகுதான் மாமியாருக்குத் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. சங்கைச் சொல்லித் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிட்டார். பிறகு தானே சிரித்துவிட்டார்.

அக்கா போன பிறகு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "முகத்துல அடிச்சாத் தெரியுது. சுவத்துல விழுந்தாத் தெரியலடி. தைப்பொங்கலுக்குத் தெரிஞ்சுச்சு, இப்ப இல்ல. கத்தி வச்சு, இருக்கிற இந்த வெளிச்சமும் போயிருச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்றார்.

அதுதான் விஷயம். வீம்பு, பெருமை என்று நாங்கள் நினைத்ததெல்லாம் பயம். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. கணக்காகப் பேசத்தான் வரும். "ஒரு கண்ணுக்குத்தேன் பண்ணுவாங்க அத்தே. அது கெட்டாலும் இன்னொண்ணு இருக்கும்ல? அதுல செவப்பும் பச்சையும் நான் காட்டுறேன். தினமும் காட்டுறேன்."

இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காலையில், "சரி, வாரேன். ஆனா எந்தக் கண்ணுன்னு நாந்தேன் சொல்லுவேன்" என்றார்.

முகாமுக்குப் பத்து நாள் இருந்தது. பத்து நாளும் மூணு மணிக்கு எங்கள் வீட்டில் பயிற்சி. பெண்கள் சுவரைப் பார்ப்பதை விட்டுவிட்டு மாமியார் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தார்கள். நான் வெளிச்சத்தை இடமும் வலமுமாக, மேலும் கீழுமாக அனுப்புவேன். அவர் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் கூட்டமே "ம்ஹூம்" என்னும். இரண்டாம் நாள் ஆறு ம்ஹூம். ஒன்பதாம் நாள் ஒன்றுகூட இல்லை. வீட்டுக்காரர்கூடப் பட்டறையிலிருந்து வந்து கதவோரம் நின்றார், ஏதோ அரத்தை மறந்துவைத்துவிட்டு எடுக்க வந்த மாதிரி.

முகாம் நாளில் பள்ளிக்கூட மரத்தடியில் பெரிய வரிசை. எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு அம்மாவை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தோளைத் தட்டி அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மா மகன் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார். மாமியார் பெஞ்சில் உட்கார்ந்தார். சின்ன வயசு டாக்டர்.

"பாட்டிம்மா, வெளிச்சம் எந்தப் பக்கம்?"

"பாட்டிம்மா இல்ல, அம்மான்னு சொல்லு. சோத்தாங்கைப் பக்கம். இப்ப மேல தூக்குற. இப்ப இறக்குற."

டாக்டர் டார்ச்சின் முன்னால் எதையோ வைத்தார்.

"செவப்புக் கண்ணாடி. சைக்கிள்ல கழட்டுனதா?"

டாக்டர் டார்ச்சை அணைத்துவிட்டு, "யாரும்மா இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார்.

"வீட்டுல மருமக சூரியனைக் கட்டித் தொங்க விட்டுருக்கா, அப்பு. பத்து நாளா என்னையப் படுத்தி எடுத்துட்டா."

டாக்டர் சிரித்துக்கொண்டே சீட்டில் எழுதினார். அறுவைக்கு எடுத்துக்கொண்டார்கள். நான் அந்தப் பள்ளிக்கூடத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இல்லாவிட்டால் குதித்திருப்பேன்.

ஒரு வாரம் வகுப்பறைத் தரையில் வரிசையாகப் படுக்கை. கண்ணில் கட்டு, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் பை, அசையக் கூடாது. தலையைத்தான் அசைக்கக் கூடாது, வாயை அசைக்கலாம் என்பதால் மாமியார் என்னை அங்கிருந்தபடியே ஏவிக்கொண்டிருந்தார். கட்டுப் பிரித்தபோது எல்லாம் கலங்கலாகத்தான் தெரிந்தது. கண்ணாடி போட்டால் சரியாகும், அது வர ஒரு மாதம் போல ஆகும் என்றார்கள். கண்ணாடி எல்லாவற்றையும் பெரிதாகவும் கிட்டத்திலும் காட்டும், படி இறங்கும்போது ஜாக்கிரதை என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

கண்ணாடி வந்த அன்று வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து நேரத்தோடு வந்துவிட்டார். சோடாப்புட்டி மாதிரி கனத்த கண்ணாடி. நடுக்கூடத்தில் மாமியாரை உட்கார வைத்து அவரே மாட்டிவிட்டார். நான் குழாயடியில் இருந்தேன். இடுப்பில் குடத்தோடு பின்வாசலில் நுழையும்போது மாமியாரின் குரல் கேட்டது.

"ஏலே, மீசை எப்படா வச்ச?"

வீட்டுக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். மாமியார் சுவரைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், அண்ணாந்து குடையைப் பார்த்தார். நூலும் துருப்பிடித்த தகடும் பாட்டில் அடியுமாகத் தொங்கின அதைப் பார்த்து, "இதுவா? இந்தக் குப்பையா இம்புட்டு ஆட்டம் ஆடுச்சு?" என்று தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு பின்வாசல் பக்கம் திரும்பினார். சிரிப்பு நின்றது.

"யாரு புள்ள அது, தண்ணிக் குடத்தோட?"

"நாந்தேன் அத்தே."

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் பார்த்தார். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் என் குரலைத்தான் அறிவார். என் குரல் அந்தத் தெருவுக்கே கேட்கும். அதை வைத்து என்னை வாட்டசாட்டமான பொம்பளை என்று முடிவு செய்து, பத்துப் பேரிடம் அப்படியே சொல்லியும் வைத்திருந்தார். நானோ குடத்தை இடுப்பில் வைத்தால் குடம்தான் முதலில் தெரியும் என்கிற அளவு ஆள். பத்தொன்பது வயசு.

"பெருசாக் காட்டுற கண்ணாடியிலயே நீ இம்புட்டுத்தான் இருக்கியா?" என்றார்.  "இந்தப் பச்சைப் புள்ளையவா நான் அம்புட்டு வேலை வாங்குனேன்? ஏலே, நீயாச்சும் சொல்லியிருக்கக் கூடாதா?"

நான் சுலபத்தில் அழுகிற ஆள் இல்லை. அன்றைக்குக் குடத்தைக்கூட இறக்காமல் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்?

"அங்க ஏன் இருட்டுக்குள்ள நிக்கிற? குடத்தை வச்சிட்டு இங்கிட்டு வா" என்றார் மாமியார். "வெயிலு விழுகுற இடத்துல வந்து நில்லு. உன்னைய நல்லாப் பாக்கணும்."

சங்கு அப்போதுதான் ஊதி முடித்திருந்தது. நான் போய்ச் சுவரோரமாக நின்றேன். கன்னத்தில் சிவப்பும் சேலை முழுக்கச் சாவித் துவாரங்களுமாக நான் நிற்க, அவர் பச்சை வந்து போகிற வரைக்கும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.